தெருக்கள் முளைத்த காலத்தில் தொலைந்தவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்பக்கம் முளைத்திருக்கும் புதுத் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன கஜபதி, திருமுல்லைவாயிலில் தன் சொந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே பதினோரு வருஷம் தொலைந்து போயிருந்தான். அந்த வருஷங்களில் ஆவடி டாங்கி தொழிற்சாலை வேலைக்கு அவன் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்தான், நடந்த தேர்தலில் எல்லாம் ஓட்டுப் போட்டான், மகளுக்குக் கொலுசு வாங்கினான். வீடு மட்டும்தான் அவனுக்கு அகப்படவில்லை.

அப்போது ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. பேச்சுக்குச் சொல்வதில்லை. மனை விற்பவர்கள் நெல் வயலில் வெள்ளையடித்த கல்லை வரிசையாக நட்டு, கொடி கட்டி, சென்ட்ரலிலிருந்து வேன் வைத்து ஆட்களை அழைத்து வந்து மிக்சரும் கேசரியும் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த மழைக்குக் கல் நட்ட இடத்தில் தெரு வந்துவிடும். முதலில் இரண்டு சக்கரத் தடம் தெரியும். பிறகு முழங்கால் உயரத்துக்கு விளக்குக் கம்பம் எட்டிப் பார்க்கும். ஒரு மாசத்தில் அது ஆள் உயரத்தைத் தாண்டும்போது வீடுகள் கிளம்பும். எண்பத்தைந்து ஐப்பசியில் கொட்டிய மழையில் ஒரு வாரத்துக்குள் ஒரு நகர் முழுக்க எழுந்து, ஈரம் காய்வதற்குள் அதற்கு மூன்று குறுக்குத் தெருக்கள் கிளைவிட்டன. டீக்கடையில் பால் விலையைச் சொல்வது போல இன்றைக்கு இரண்டு தெரு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். ரயில் நிலையம், கோயில் கோபுரம், ஏரிக்கரை, மெயின் ரோடு, தொழிற்சாலைச் சங்கு ஆகிய பழையவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. புதியவற்றுக்கு வேர் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. நேற்று பம்புசெட்டுக்கு இடது பக்கம் பார்த்த தெரு, இன்று வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆபீஸ் போகிறவர்கள் யாரும் இதனால் கஷ்டப்பட்டதில்லை. அவர்கள் அக்கம்பக்கம் பார்க்காமல் நடந்தார்கள், பழக்கத்தில் கால் வீடு போய்ச் சேர்ந்தது. கஜபதி பார்த்து நடப்பவன்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த வயல்களில் கூலிக்கு உழைத்த குடும்பம் அவனுடையது. குடியிருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். பழைய ஊரில் கோயிலைச் சுற்றி நாலே தெரு. கஜபதியின் அப்பா அந்த நாலு தெருவுக்குள் செருப்போடு போனதில்லை. பெரும்பாலும் போனதே இல்லை, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய் வேலையைச் சொல்லக் கேட்டு வருவார். கஜபதி காலத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் ஐ.டி.ஐ. படித்து, தொழிற்சாலையில் கூரைக்கு அடியில் ஓடும் பெரிய கிரேனை ஓட்டுகிறவனாகி, மாசச் சம்பளம் வாங்கி, சட்டையில் பேனா குத்திக்கொண்டவன். ஆனாலும் அந்த நாலு தெருவின் முனைக்கு வந்தால் அவன் கால் தானாகத் தொய்ந்துவிடும். வெட்கமாக இருக்கும், யாரிடமும் சொன்னதில்லை. புதுத் தெருவில் கால் தொய்வதில்லை என்பதை அவன் வெற்றி நகரில் மனை வாங்கி, ஓர் அறையும் சமையலறையும் கட்டி, மனைவி லோகநாயகியோடும் ஏழு வயசு மகள் வேம்புவோடும் குடிவந்த வருஷம் கண்டுகொண்டான். இதற்கு முன் யாரும் நடக்காத தெரு. நடக்கக் கூடாது என்று சொல்லவும் அங்கே ஆள் வந்திருக்கவில்லை. நட்ட நடுவில், செருப்புச் சத்தம் கேட்க, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவன் நடந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே அவனுக்குத் திருவிழா.

அந்த ஞாயிறு அவன் நுழைந்த தெருவில் மாடிப்படிகள் முதலில் வந்து வீடுகளுக்காகக் காத்திருந்தன. அடுத்ததில் எல்லா வீட்டுக்கும் ஜன்னல் வட்டமாக இருந்தது. அதற்கடுத்தது மிகவும் புதுசு, நிழல் இன்னும் வந்து சேரவில்லை. வேப்பங்கன்றும் மின்கம்பமும் அவனும் வெயிலில் நிழலில்லாமல் நின்றார்கள். அதை அவன் ரொம்ப நேரம் ரசித்துவிட்டு, பசி எடுக்கவும் திரும்பினான். வந்த வழி இரண்டாகக் கிளைத்திருந்தது. ஒரு கிளையில் போனான். அது ஒரு செங்கல் சூளையில் முடிந்தது. எதிரே வந்தவர்களிடம் வெற்றி நகர் எங்கே என்று கேட்டான். எல்லோரும் போன வாரம் குடிவந்தவர்கள். பொழுது சாய அவனுக்கு அகப்பட்டது ரயில் நிலையம்தான். அங்கிருந்து மறுபடி புறப்பட்டான், மறுபடி ரயில் நிலையத்துக்கே வந்தான். திங்கள்கிழமை காலை அதே சட்டையோடு ஆவடிக்கு வண்டி ஏறினான். கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்ததும் கீழே எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை லோகநாயகி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டாள். கொரட்டூரில் பிறந்தவள், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவள்.

"இன்னாய்யா, ஊட்டுக்கு வர்றதா எண்ணம் கீதா இல்லியா?"

"வழி தெரியலே லோகா."

"குடிச்சிகினு கீறியா?"

"சத்தியமா இல்ல. எல்லாம் மாறிப்போயி கீது."

அவன் முகத்தைப் பார்த்ததில் அவளுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. கையைப் பிடித்து ரயிலில் ஏற்றி, திருமுல்லைவாயிலில் இறக்கி, நடத்திக் கூட்டிப் போனாள். மாவு மில் திருப்பத்தில் செங்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியபோது லோகநாயகி தன் வீட்டு வாசலில் நின்றாள். அவன் இன்னொரு கையில் வைத்திருந்த டிபன் கேரியர் அவள் கையில் இருந்தது. கஜபதி அதுவரை பார்த்தேயிராத ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்றான், அங்கே சுவர்களில் கரும்பலகை பூசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவள் முந்தானையை அவன் சட்டையோடு முடிச்சுப் போட்டுக் கூட்டிப் போனாள். முந்தானை முனையில் ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த துலுக்கானம், கஜபதியோடு ஒன்றாகப் படித்தவன், இதெல்லாம் பொம்பளைங்களால ஆகாது என்று தானே முன்வந்தான். கஜபதியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கண்ணில் துண்டைக் கட்டினான்.

"நான் சொல்ற வரிக்கும் அவுக்காதே மாமே."

கஜபதி பாதி தூரம் சொன்னபடி இருந்தான். எங்கோ புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை வந்தது. என்ன நிறம் என்று பார்க்க மட்டும் துண்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினான். துலுக்கானம் லோகநாயகியின் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்தித் திரும்பியபோது கேரியர் காலியாக இருந்தது. அடுத்த நாள் கடையில் இருவரும் டீ குடித்தார்கள். துலுக்கானம்தான் முதலில் கேட்டான்.

"இன்னா கலருடா?"

"ரோஸு," என்றான் கஜபதி.

அதன்பிறகு குடும்பம் ரயில் நிலையத்தில் நடந்தது. சாயங்காலம் ஆவடியிலிருந்து வரும் வண்டியில் கஜபதி இறங்குவான். இரண்டாவது பிளாட்பாரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் லோகநாயகி சாப்பாட்டோடு காத்திருப்பாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே வேம்புவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பான். ஸ்டேஷன் மாஸ்டர்கள் மாறி மாறி வந்தார்கள், வருகிறவருக்குப் போகிறவர் பொறுப்பு ஒப்படைக்கும்போது சிக்னல் விளக்கோடு சேர்த்து இந்தக் குடும்பத்தையும் சொல்லிவிட்டுப் போனார். அந்த பெஞ்சுக்கு கஜபதி ஊடு என்று பெயர் வந்தது, வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. வேம்பு பெரியவளானபோது லோகநாயகியின் தம்பி பாஸ்கரன் சீர்த்தட்டுகளைக் கொரட்டூரிலிருந்து ரயிலில்தான் கொண்டுவந்து அந்த பெஞ்சில் வைத்தான். அன்று மூன்று வண்டிகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக நின்று போயின. சாப்பாடு முடிந்து கேரியரைக் கழுவியதும் தாயும் மகளும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். கஜபதியும் வீட்டுக்குத்தான் கிளம்புவான். ரயில்வே கேட்டைத் தாண்டி மாவு மில் வரை மூன்று பேரும் சேர்ந்து நடப்பார்கள், அங்கே இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

படுக்கைக்கு அவனுக்குக் குறைவில்லை. அவன் ஓர் இரவு தங்கிய வீடு இருக்கும் தெரு அப்புறம் நகருவதில்லை என்று கட்டட வேலைக்காரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பால் காய்ச்சுவதற்கு முன் கஜபதியைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பது வழக்கமாயிற்று. தலையணை, செம்பில் தண்ணீர், கொசுவர்த்தி எல்லாம் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் அவன் புது வீட்டின் ஜன்னலைத் திறந்து முதல் ஆளாகத் தெருவைப் பார்ப்பான். எந்த ராஜாவுக்கும் இது வாய்த்திருக்காது என்று ஒருமுறை துலுக்கானத்திடம் சொன்னான். துலுக்கானம் அதை லோகநாயகியிடம் சொல்லவில்லை.

தொலைந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்ததும் மற்றவர்கள் தங்களுக்கு வழி கேட்க அவனையே தேடினார்கள். தன் வீட்டைத் தவிர எல்லார் வீடும் அவனுக்குத் தெரியும். ஒருமுறை ஏரிக்கரைப் பக்கம், காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் அழுகிற நிலையில் நின்றாள். வீட்டுக்காரருக்கு விமானப்படையில் வேலை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டக் காங்கல. இந்தத் தெருவுலதான் இருந்துச்சு."

"பச்ச கேட்டு, பக்கத்துல முருங்க மரம், அதானே? அது இப்ப அந்தாண்ட போயிடிச்சிம்மா. வாங்க, கூட்டிகினு போறேன்."

"வீடு எப்படி அண்ணாச்சி போவும்?"

"புதுசு இல்லியா. ஒரு மழை பேஞ்சா நின்னுக்கும்."

அவள் பெயர் சுசீலா. வீட்டுக்குள் கூப்பிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு, வீட்டு எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொடுத்தாள். நீங்க எந்த ஊரு என்று கேட்டாள். இந்த ஊர்தான் என்றான். இந்த ஊரில் எங்கே என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. கஜபதி அந்தக் காப்பியை ஆறவிட்டு, மெதுவாக, தம்ளரின் அடியில் பொறித்திருந்த பெயரைப் படிக்கும் வரை குடித்தான். இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருந்தன. ஆனால் தெருக்களும் மனுஷர்களைப் போலத்தான், வயசாகி வேர் பிடித்ததும் குணம் மாறும். ஒரு தெருவில் சங்கம் அமைத்துப் பிள்ளையார் கோயில் கட்டி வரி பிரித்தார்கள். வரிக்கு யார் வீட்டில் கேட்பது, யார் வீட்டில் கேட்க வேண்டாம் என்று பேச்சு வந்ததை, அடித்தளத்துக்குத் தோண்டிய குழியருகே நின்றிருந்த கஜபதி கேட்டான். மறுநாளிலிருந்து அந்தத் தெரு அவன் கண்ணில் படவில்லை. அவனும் தேடவில்லை, இன்னும் புதுசாக ஒன்று பக்கத்தில் வந்திருந்தது.

இப்படியே தொண்ணூறுகள் வந்தன. தெருமுனைகளில் டெலிபோன் பூத்துகள் பூத்தன, மொட்டை மாடிகளுக்கு நடுவே கேபிள் டிவி ஒயர்கள் கொடி போலப் படர்ந்தன. லோகநாயகி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். கூரை ஒழுகினால் அவளே ஆள் கூப்பிட்டாள், பாம்பு வந்தால் அவளே அடித்தாள். பிளாட்பாரத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நாள், அவன் தெற்குப் பக்கம் புதிதாக வந்த தெருவில் வீடுகளே மூன்று மாடியாகப் பிறப்பதைப் பற்றிக் கண் விரியச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நானும் பாத்துகினே கீறேன். தொலஞ்ச ஆளு மூஞ்சியா இது? நீ தொலயலய்யா. சுத்திப் பாத்துகினு கீறே."

கஜபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

தொண்ணூற்றைந்து தை மாசம் வேம்புவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா வீராசாமி கண்ணியமான மனுஷர். வாழைப்பழமும் பூவுமாக வந்து பாயில் உட்கார்ந்தவர்கள், கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, அப்பா எங்கே என்று கேட்டார்கள். லோகநாயகி உள்ளதைச் சொன்னாள். வீராசாமிக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்தார்.

"ஏம்மா, நேத்து ஆவடி வண்டில எங்கூட குந்திகினு வந்தாரே, அவருதானே?"

"அவருதான்."

"ஷோக்கா பேசிகினு வந்தாரு. அந்த ஆளு ஊட்டுக்கு வரலேன்னா, நாங்க இன்னான்னு நெனைக்கிறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு லோகநாயகி உள்ளே வந்தாள். "செத்துட்டான்னா செத்துட்டான்னு சொல்லலாம். ஓடிட்டான்னா ஓடிட்டான்னு சொல்லலாம். தெனம் வேலைக்குப் போயி வர்ற ஆள இன்னான்னுடி சொல்றது?" என்று மகளிடம் கேட்டாள். அன்று மாலை அவள் பிளாட்பாரத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு வேம்பு மட்டும் வந்தாள்.

"அம்மா வராது நைனா. ஒரே ஒரு தபா எங்கியும் பாக்காத நடந்து வாயேன். எனக்காண்டி."

அவன் சரி என்றான். சாப்பிடாமலேயே எழுந்தான். கேட்டைத் தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டு, கால் விரலை மட்டும் பார்த்தபடி, மகளுக்குப் பின்னால் நடந்தான். மாவு மில் வந்தது, போயிற்று. இன்னும் கொஞ்சம் தூரம் போனார்கள், வெற்றி நகர் பெயர்ப் பலகைகூடத் தெரிந்தது. அங்கே கஜபதியின் கால் தொய்ந்தது. பழைய ஊரின் நாலு தெரு முனையில் தொய்வது போலவே. அவன் குனிந்த தலையோடு அப்படியே நின்றான். கழுத்துப் பின்புறம் வலித்தது. இப்படி நடந்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா நைனா?"

"எங்கப்பா இப்டிதாம்மா நடப்பாரு," என்றான். "என்னால இப்டி ஊட்டுக்கு வர முடியாது."

நிமிர்ந்தான். நிமிர்ந்த இடத்தில் புதிதாக ஒரு தெரு ஊதாப்பூக் கொடி படர்ந்து திறந்து கிடந்தது. வேம்பு தனியாக வீட்டுக்குப் போய், அப்பா சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னாள். லோகநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மூன்று தண்ணீர் போதுமானதற்கு ஏழெட்டுத் தண்ணீர் ஊற்றிக் களைந்தாள்.

பங்குனியில் அவளுக்கு ஊசித் துளை தெரியாமல் போய், கம்பெனியில் சொன்னார்கள் என்று கண்ணாடி போட்டாள். பழுப்புச் சட்டம், முகத்துக்குக் கொஞ்சம் பெரிசு. அதைப் போட்டுக்கொண்டு, பேச்சு விட்டுப்போன இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு மாலை பிளாட்பாரத்துக்கு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய கஜபதி இரண்டடி தள்ளி நின்றுவிட்டான். வட்ட ஜன்னல் வீட்டைப் பார்த்தவன் போலப் பார்த்தான். எப்போது போட்டாய், எழுதியிருப்பது தெரிகிறதா, மூக்கில் அழுத்துகிறதா, கழற்றினால் நான் எப்படித் தெரிவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டை இருவரும் தாண்டினார்கள். அவன் அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். மாவு மில்லைத் தாண்டினார்கள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டினார்கள். வெற்றி நகர் பலகையைத் தாண்டி, அவர்களுடைய தெரு முனைக்கே வந்துவிட்டார்கள். அங்கே வேறு யாரோ வீட்டின் புதுக் கேட்டில் அவன் கண் போயிற்று, அவனும் போனான். லோகநாயகி அழவில்லை. தெருமுனையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவனைப் பழைய வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் கொத்தனார் சின்னப்பையனை வரச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் சமீபத்தில் ஒரு தெரு முளைத்திருந்தது, பெயர்கூட வைக்கவில்லை. வாசலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், இந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும் என்றாள்.

"நல்லா கீற வாசல இன்னாத்துக்கு அடைக்கிறே யக்கா? வாஸ்துவா?"

"பழசாயிடிச்சி."

"பெயிண்ட் அடிச்சா போதுமே."

"சொல்றத செய்யி."

அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். வாசல் பின்னால் போயிற்று, சமையலறை முன்னால் வந்தது. தரைக்குச் சிவப்பும் மஞ்சளுமாக மொசைக். மேலே இன்னும் அறை இல்லாத மொட்டை மாடிக்கு வெளியிலிருந்து வளைந்து ஏறும் படி. சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே யாரும் அடிக்காத கத்தரிப்பூ நிறம். முன்சுவரில் மீன் மாதிரி ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள். சின்னப்பையன் மீன் ஜன்னல் வைத்ததில்லை, இரண்டு முறை இடித்துக் கட்டினான். முடிந்ததும் அவனுக்கே அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று வேம்புவிடம் தாய் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், பெயர் வைக்காத அந்தத் தெருவில் கஜபதி நுழைந்தான். நடுவில் நடந்து வந்தான். கத்தரிப்பூ நிறத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேகமாக வந்து, மீன் ஜன்னலுக்கு எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றான். லோகநாயகி உள்ளே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் கை நின்றது. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

"யாருங்க ஊட்ல?" என்றான் கஜபதி. "ஜன்னல் ஷோக்கா கீது. யாரு செஞ்சது?"

"உள்ள வந்து பாரு," என்றாள், முதுகைக் காட்டியபடியே.

அவன் படியேறி உள்ளே வந்தான். மொசைக்கைக் குனிந்து தடவினான். சமையலறையை முன்னால் வைத்திருப்பது நல்ல யோசனை, காற்று வரும் என்றான். ஜன்னலின் வால் பக்கமாகத் தலையை விட்டு வெளியே பார்த்தான். அடுத்த அறைக்குப் போனான். அங்கே கயிற்றுக் கொடியில் வேம்புவின் தாவணி கிடந்தது. அதற்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, மூடியில் அவன் பெயரும் தொழிற்சாலை டோக்கன் நம்பரும் அவன் கையாலேயே எழுதியது. சத்தம் நின்றுவிட்டதை லோகநாயகி கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"நம்ப ஊடா இது?"

"நம்ப ஊடுதான்."

"இப்டி இருந்ததில்லியே."

"இல்லதான்," என்றாள். "நாஷ்டா துன்றியா? இட்லி கீது."

வேம்பு துணி உலர்த்திவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அப்பா பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வேம்பு தனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று மாலை ரயில் நிலையத்து பெஞ்சில் யாரும் இல்லாததைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் துலுக்கானத்தின் கடைக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். ஆனியில் வீராசாமி குடும்பத்தோடு மறுபடி வந்தார். வாசலைத் தேடி ஒரு சுற்று சுற்றினாலும், உள்ளே பெண்ணின் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தட்டை மாற்றிக்கொண்டார். கல்யாணம் ஆவணியில் நடந்தது.

வீடு புதுசாக இருந்தவரை கஜபதி தினமும் வேலை முடிந்து நேராக வந்தான். மறு வருஷம் மாசி வாக்கில் மொசைக்கின் ஒவ்வொரு சில்லும் அவனுக்குப் பழகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. லோகநாயகி கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவனிடம், சாப்பிடு முதலில் என்றாள். வரும் வழியில் சின்னப்பையன் வீட்டுக்குப் போய் வியாழக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாள். இந்த முறை படி உள்ளே போயிற்று, வாசல் கிழக்கே வந்தது, சுவர் எலுமிச்சை நிறமாயிற்று. அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை கஜபதி வந்து, இந்த வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டான். உள்ளே வந்து பார் என்றாள். சின்னப்பையனுக்கும் இதில் ஆசை வந்துவிட்டது. அடுத்ததற்கு என்ன செய்யலாம் என்று வருஷம் முழுக்க யோசித்துவைத்தான். மயில் ஜன்னல், நிலா ஜன்னல், கூரையில் கண்ணாடி ஓடு.

தெரு நன்றாக வேர் பிடித்து, அதற்கு ஒரு பெயரும் வந்தது. நகராட்சியில் தந்த கதவு எண் தகட்டை லோகநாயகி சுவரில் அடிக்கவில்லை, கம்பியில் கோத்து வைத்தாள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கேஸ் கொண்டுவருகிறவன் வீட்டைச் சுற்றி ஒரு மணி அடித்துக்கொண்டே வருவான். தபால்காரர் பொங்கலுக்கு இனாம் வாங்க வரும்போது அடுத்த வருஷத்து வாசல் எந்தத் திசை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனார். தொண்ணூற்றொன்பதில், புதிதாகக் குடிவந்த யாராவது அந்தத் தெருவில் நின்று, கஜபதி வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று விசாரித்தால், இருப்பவர்கள் இந்த வருஷமா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, வடக்கே என்று கை காட்டினார்கள்.